மஞ்சள் சட்டைக்கு வந்த சோதனை

செய்யாத குற்றத்துக்காக உங்கள் வீட்டு ரசம் என்றைக்காவது வசவு வாங்கியிருக்கிறதா?

புளி, உப்பு, காரம் எல்லாம் அளவாகத்தான் இருக்கும். பெருங்காயம் தெருக்கோடி வரையில் மணக்கும். ஆனாலும் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்ன ரசம் இது?" என்று முகத்தைச் சுளிப்பார். பதில் சொல்ல வேண்டாம், சகோதரி. அவருக்கு ரசத்தின் மீது கோபம் இல்லை. எங்கேயோ சேப்பாக்கம் மைதானத்தில் ஒருவர் தூக்கி அடித்த பந்தை இன்னொருவர் பிடித்துவிட்டார். அந்தக் கோபந்தான் ரயிலேறி உங்கள் சமையலறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

2025-ஆம் வருஷக் கோடையில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் ரசத்துக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. காரணம் உங்களுக்கே தெரியும். சென்னை சூப்பர் கிங்ஸ் என்னும் நம் ஊர்க் கிரிக்கெட் கோஷ்டி தோற்றது. மறுபடியும் தோற்றது. பிறகு, "இன்றைக்குப் பாருங்கள்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தடவையும் தோற்றது.

எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "மைதானத்தில் நடந்ததை எழுத நூறு பேர் இருக்கிறார்கள். வீட்டில் நடந்ததை யாராவது எழுத வேண்டாமா?" என்றார். வீடு என்றதும் எனக்குக் கும்மிடிப்பூண்டி ஞாபகம் வந்தது. அங்கே என் பெரியம்மா பெண் இருக்கிறாள். அவளைவிடப் பெரிய கிரிக்கெட் பைத்தியத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு நல்ல பழக்கம், ஒரு கெட்ட பழக்கம்

கும்மிடிப்பூண்டிக்குப் புறப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கணக்கைப் பார்த்துவிடலாம்.

2008-ல் ஐ.பி.எல். பந்தயங்கள் ஆரம்பித்த நாளிலிருந்து, மஞ்சள் சட்டைக்காரர்கள் நமக்கு ஒரு நல்ல பழக்கத்தையும் ஒரு கெட்ட பழக்கத்தையும் உண்டாக்கிவிட்டார்கள். நல்ல பழக்கம், வீட்டில் உள்ள எல்லோரும் சாயங்காலத்தில் ஒரே கூடத்தில் உட்காருவது. கெட்ட பழக்கம், நாம்தான் ஜயிப்போம் என்று நினைத்துக்கொண்டு உட்காருவது!

நினைப்பதற்கு நியாயமும் இருந்தது. 2024 வரையில் அவர்கள் ஆடியது 15 பருவங்கள். அவற்றில் 10 தடவை இறுதி ஆட்டம் வரைக்கும் போனார்கள். 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய 5 வருஷங்களில் கோப்பையைக் கொண்டு வந்தார்கள். வகுப்பில் எப்போதும் முதல் மூன்று ராங்க்குக்குள் வருகிற பிள்ளையை வளர்த்த தாய்க்கு, அவன் திடீரென்று பெயில் மார்க்கு வாங்கி வந்தால் எப்படி இருக்கும்? 2025-ல் நமக்கு அப்படி இருந்தது.

முதல் ஆட்டத்தில், மார்ச் 23-ஆம் தேதி, சேப்பாக்கத்தில் மும்பையை ஜயித்தாயிற்று. பாயசம் வைக்காத குறைதான். பிறகு ஆரம்பித்தது சனி. மார்ச் 28-ல் பெங்களூர்க்காரர்கள் வந்து 50 ரன் வித்தியாசத்தில் வென்றார்கள். 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் அவர்கள் ஒரு தடவைகூட நம்மை ஜயித்தது கிடையாது. 17 வருஷமாக வாசலோடு திரும்பிப் போன விருந்தாளி அன்றைக்குச் சமையலறை வரைக்கும் வந்துவிட்டார்! மார்ச் 30-ல் குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி. ஏப்ரல் 5-ல் டில்லிக்காரர்கள் சேப்பாக்கத்தில் 25 ரன்னில் வென்றார்கள். அவர்களுக்கும் 2010-க்குப் பிறகு இங்கே நமக்கு எதிராக அதுதான் முதல் ஜயம். ஏப்ரல் 8-ல் சண்டிகர் பக்கத்தில் பஞ்சாபிடம் 18 ரன்னில் தோல்வி. வரிசையாக நாலு!

ஏன் தோற்றார்கள் என்று கேட்டால் டீக்கடைக்கு ஒரு காரணம் கிடைக்கும். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். இந்த ஆட்டம் மொத்தம் 20 ஓவர். முதல் 6 ஓவரில் எதிர்க் கோஷ்டியார் வெளி வட்டத்தில் இரண்டே பேரைத்தான் நிறுத்தலாம். காய்கறி மலிவாகக் கிடைக்கும் காலைச் சந்தை மாதிரி அது. அப்போது ரன் வாங்கி வைத்துக் கொள்ளாதவன் பிற்பாடு அதிக விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நம்மவர்கள் காலைச் சந்தையில் பையை மடித்துக்கொண்டு நின்றார்கள். போதாக்குறைக்குக் கைக்கு வந்த காட்சுகளை நழுவவிட்டார்கள். சேப்பாக்கம் மண்ணும் பழையபடி கை கொடுக்கவில்லை. சொந்த மைதானம் என்பதால் தங்களுக்கு எந்த அனுகூலமும் இல்லை என்று பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங்கே பெங்களூர் ஆட்டத்துக்குப் பிறகு வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இந்தச் சமயத்தில் காப்டன் ருதுராஜ் கெய்க்வாடுக்கு முழங்கையில் எலும்பு முறிவு. பருவம் முழுவதும் ஆட முடியாது என்று ஆயிற்று. 43 வயதான தோனி மீண்டும் காப்டனானார்.

அவர் மறுபடியும் காப்டனாக இறங்கிய முதல் ஆட்டம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, கொல்கத்தாவுக்கு எதிராக. அன்றைக்குத்தான் நான் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன்.

இரண்டு டிக்கெட்

சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயிலில் ஏறினால், திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை என்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் போனால் ஆந்திரா. திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த வடகோடியில் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கின்றன. இரும்பை உருக்குகிற உலைகளுக்குப் பண்டிகையும் தெரியாது, பந்தயமும் தெரியாது. ராத்திரியும் பகலும் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த வடநாட்டு இளைஞர்களில் இரண்டு பேர் மஞ்சள் பனியன் போட்டிருந்தார்கள். தோனி ராஞ்சிக்காரர் அல்லவா? ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்தவனுக்கும் நம் தெருப் பையனுக்கும் ஒரே சட்டை.

அக்காவின் வீட்டுக்காரர் ஓர் உருக்காலையில் வேலை பார்க்கிறார். நான் போனபோது அவரும் பத்து வயதுப் பையனும் புறப்பட்டுப் போய்விட்டிருந்தார்கள். மாமா ஒரு மாதமாகச் சக தொழிலாளியிடம் சொல்லி வைத்து ஷிப்டை மாற்றிக்கொண்டு, இரண்டு டிக்கெட்டும் வாங்கியிருந்தார். குறைந்த விலை டிக்கெட்டே 1,700 ரூபாய். வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், சீட்டுப் பணம் எல்லாம் போக மிச்சம் பிடித்த காசு. பையன் மைதானத்தைக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அக்கா அன்று காலையில் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போய் வந்திருந்தாள். பங்குனி உத்திரம். சொந்த வீடு வேண்டுகிறவர்கள் தேடிப் போகிற முருகன் அவர். "வீட்டுக்கு வேண்டிக்கிட்டியா அக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டிக்கத்தான் போனேன். உன் மருமவன் வாசல் வரைக்கும் வந்து, 'அம்மா, இன்னைக்கு மட்டும் மேட்ச்சுக்கு வேண்டிக்கோ, வீடு அடுத்த வாரம் கேட்டுக்கலாம்'னான். என்ன செய்ய? அப்படியே வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

"நீ ஏன் மேட்ச்சுக்குப் போகலை?"

"ரெண்டு டிக்கெட்தானேடா?" என்று சொல்லிவிட்டு அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள். ஒன்பதாவது படிக்கும் அவளுடைய பெண் என் பக்கம் குனிந்து, "அம்மாவுக்கு ரொம்ப ஆசை, மாமா. தோனி ரிட்டயர் ஆகிறதுக்குள்ளே ஒரே ஒரு தடவை நேர்ல பார்க்கணும்னு சொல்லிட்டே இருப்பாங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

வாசகிகளே, அந்த வீட்டில் பால் கணக்கு எழுதுகிற நீள நோட்டு ஒன்று இருக்கிறது. முன்பக்கம் பால் கணக்கு. திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் கிரிக்கெட் கணக்கு! தேதி, எதிர்க் கோஷ்டி, எத்தனை ரன், எத்தனை விக்கெட், ஜயமா தோல்வியா, எல்லாம் அக்காவின் கையெழுத்தில். ஒரு நோட்டுத் தீர்ந்தால் அடுத்த நோட்டு. கல்யாணத்துக்கு முன்னாலேயே, 2008-ல், முதல் பருவத்தில் தொடங்கிய வழக்கம். மாமாவுக்கே கிரிக்கெட் ஆசை இந்த வீட்டில் தொற்றிக்கொண்டதுதான்.

அந்த ராத்திரி

ஏழரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நான், அக்கா, அவள் பெண் மூன்று பேரும் டெலிவிஷன் முன்னால். சுனில் நரைன் என்கிற கொல்கத்தாப் பந்து வீச்சாளர் நம்மவர்களைப் பூப்பறிக்கிற மாதிரி பறித்துப் போட்டார். தோனி உள்ளே வந்தபோது பெண் எழுந்து நின்றாள். அக்கா கையைக் கூப்பிக்கொண்டாள். அவர் எடுத்தது 1 ரன். அடுத்த அறையில் குக்கர் விசிலடித்தது. அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட விசில் அது ஒன்றுதான்.

20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103 ரன். சேப்பாக்கத்தில் நம் கோஷ்டி எடுத்த மிகக் குறைந்த எண்ணிக்கை அது. கொல்கத்தாக்காரர்கள் 10.1 ஓவரில், இரண்டே விக்கெட்டைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். இன்னும் 59 பந்து பாக்கி இருந்தது. வரிசையாக ஐந்து தோல்வி. அந்தக் கோஷ்டியின் சரித்திரத்திலேயே அப்படி நடந்ததில்லை.

பக்கத்துப் போர்ஷனில் ஒருவர் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு, "தோத்துட்டானுங்க!" என்று கத்தினார். இங்கே அக்கா சப்தத்தை மட்டும் குறைத்தாள். படத்தை அணைக்கவில்லை. நோட்டை எடுத்து 103/9 என்று எழுதினாள். பேனாவை மூடிவிட்டு, "தோத்துட்டோம்" என்றாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஆனால் வார்த்தை வேறு. அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்ற மனநூல் பேராசிரியர் 1976-ல் இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். கல்லூரி மாணவர்களிடம் அவர்களுடைய கல்லூரிக் கோஷ்டியின் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஜயித்த ஆட்டத்தைச் சொல்லும்போது "நாம்" என்ற சொல் தாராளமாக வந்தது. தோற்ற ஆட்டத்தைச் சொல்லும்போது "நாம்" குறைந்துவிட்டது. பேராசிரியர் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். நம் ஊருக்கு வந்திருந்தால் நீங்களே சொல்லியிருப்பீர்கள். பிள்ளை நல்ல மார்க்கு வாங்கினால் "என் பிள்ளை". குறைந்த மார்க்கு வாங்கினால் "உன் பிள்ளை"! தமிழில் இதற்குத் தனிச் சொல்கூட வேண்டியதில்லை. வினைச்சொல்லின் வாலைப் பார்த்தால் போதும். "ஜெயிச்சோம்." "தோத்துட்டானுங்க."

நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னால் மாமாவும் பையனும் வந்து சேர்ந்தார்கள். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டதால் கடைசி வண்டிக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அன்றைய தினத்தில் ரசிகர்களுக்குக் கிடைத்த ஒரே லாபம்! பையன் கன்னத்தில் தீட்டியிருந்த மஞ்சள் சாயம் அழுது கரைந்திருந்தது. "அவங்க ஏன் மாமா அடிக்கவே இல்லை?" என்று என்னைக் கேட்டான். சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டான்.

மாமா தட்டின் முன் உட்கார்ந்தார். ஒரு வாய் ரசம் சாப்பிட்டார். "என்ன ரசம் இது?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா தாமாகவே பேசினார். "தோத்தாப் பரவாயில்லை, மச்சான். பையன்கிட்ட, 'நீ வந்தா ஜெயிப்பாங்கடா'ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். ரயில்ல திரும்பறப்போ, 'அப்பா, நான் வந்ததாலதான் தோத்தாங்களா?'ன்னு கேக்கறான். நான் என்ன சொல்றது?"

ரசத்தின் மீது விழுந்த பழிக்குக் காரணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாமா கோபப்பட்டது தோனியின் மீதல்ல, நரைனின் மீதல்ல. பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லையே என்று தம் மீதே கோபம். எத்தனையோ வீடுகளில் ரிமோட்டை விட்டெறிந்த கைகளுக்குப் பின்னால் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். கேட்டால் சொல்ல மாட்டார்கள். ரசத்தைத்தான் சொல்வார்கள்.

மறுநாள் காலை மாமாவும் நானும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். அக்காவின் பெண் சொன்னதை வழியில் அவரிடம் சொன்னேன். அவர் நடை நின்றது. "பதினாறு வருஷம் ஆச்சு கல்யாணம் ஆகி. ஒரு தடவைகூட அவளைக் கேட்கணும்னு எனக்குத் தோணலை பாரு" என்றார்.

காத்திருந்தவர்கள்

ரயிலில் திரும்பும்போது, பையன் கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவனுக்கு மூன்று கதை சொல்லலாம் என்று தோன்றியது.

முதல் கதை நம் சேப்பாக்கத்தைப் பற்றியது. இந்தியா முதன்முதலில் டெஸ்ட் ஆடியது 1932-ல், இங்கிலாந்தில். அதிலிருந்து 24 டெஸ்டுகள் ஆடியும் ஒன்றில்கூட ஜயம் கிடையாது. 20 வருஷம்! அந்தக் காலத்து ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அடுத்த ஆட்டத்துக்கு வந்தார்கள். 25-ஆவது டெஸ்ட், 1952 பிப்ரவரியில், இதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்தது. வினு மன்கட் இரண்டு இன்னிங்சிலுமாக 12 விக்கெட்டைச் சாய்த்தார். பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம் அடித்தார்கள். விஜய் ஹசாரே காப்டனாக இருந்த இந்தியக் கோஷ்டி, ஓர் இன்னிங்சும் 8 ரன்னும் வித்தியாசத்தில் வென்றது. நம் மாநிலத்தின் கதை இன்னும் நீளம். ரஞ்சிக் கோப்பை 1954-55-ல் ஒரு தடவை, 1987-88-ல் ஒரு தடவை சென்னைக்கு வந்தது. அதற்குப் பிறகு 2025 வரைக்கும் வரவில்லை.

இரண்டாவது கதை அமெரிக்காவில். அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். நம் கிட்டிப்புள்ளுக்கும் கிரிக்கெட்டுக்கும் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் நகரத்து ரெட் சாக்ஸ் கோஷ்டி 1918-ல் சாம்பியனாயிற்று. பிறகு தங்களிடமிருந்த பேப் ரூத் என்ற மகா ஆட்டக்காரரை நியூயார்க்குக்கு விற்றுவிட்டது. அந்தப் பாவந்தான் என்று ஊரே சொல்லிற்று. அடுத்த தடவை சாம்பியனானது 2004-ல். 86 வருஷம்! அன்றைக்கு எத்தனையோ பேர், இந்த நாளைப் பார்க்காமலே கண்ணை மூடிய தங்கள் தாய் தகப்பனாரின் கல்லறைக்குப் போய்க் கோஷ்டியின் கொடியை வைத்துவிட்டு வந்தார்கள். சிகாகோவின் கப்ஸ் கோஷ்டி இன்னும் மோசம். 1908-க்குப் பிறகு 2016-ல்தான் வென்றது. ரசிகர்கள் மைதானத்தின் செங்கல் சுவரில் சாக்குக்கட்டியால் இறந்து போன பெரியவர்களின் பெயரை எழுதி வைத்தார்கள்.

மூன்றாவது கதை ஜப்பானில். ஒஸாகா பக்கத்து ஹான்ஷின் டைகர்ஸ் 1985-ல் வென்றபோது, ரசிகர்கள் ஆட்டக்காரர்களின் சாயலில் இருப்பவர்களைப் பொறுக்கி, ஒவ்வொருவராக ஆற்றில் குதிக்கச் சொன்னார்களாம். ராண்டி பாஸ் என்ற தாடிக்கார அமெரிக்க ஆட்டக்காரரின் சாயலில் ஆள் கிடைக்கவில்லை. பக்கத்தில் வறுத்த கோழிக் கடை வாசலில் தாடி வைத்த கர்னல் பொம்மை நின்றது. அதைத் தூக்கி ஆற்றில் போட்டுவிட்டார்கள்! அவ்வளவுதான், தோல்விக்கு மேல் தோல்வி. பொம்மையின் சாபம் என்று ஊர் நம்பியது. 2009-ல் அதை வெளியே எடுத்தபோது இடது கையும் மூக்குக் கண்ணாடியும் இல்லை. கோப்பை திரும்பி வந்தது 2023-ல். பொம்மைகூட 24 வருஷத்தில் கரையேறிவிட்டது. கோப்பைக்கு 38 வருஷம் பிடித்தது.

காத்திருப்பு முடிகிற நாளிலும் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. நம் பக்கத்து ஊர்க்காரர்கள், பெங்களூர் ரசிகர்கள், 18-ஆவது பருவத்தில், 2025 ஜூன் 3-ஆம் தேதி முதல் முறையாகக் கோப்பையைப் பார்த்தார்கள். மறுநாள் அங்கே மைதானத்து வாசலில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் உயிர் போயிற்று. ஜயித்தாலும் தோற்றாலும், ஆட்டம் பார்க்கப் போனவர்கள் வீடு வந்து சேர வேண்டும். மற்ற கணக்கெல்லாம் அதற்கு அப்புறந்தான்.

மே தினத்துக்கு முதல் நாள்

சித்திரை முதல் தேதி, ஏப்ரல் 14 அன்று, லக்னோவில் நம்மவர்கள் ஜயித்தார்கள். தோனி 11 பந்தில் 26 ரன் அடித்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். வேப்பம்பூப் பச்சடியில் வெல்லம் சற்றுத் தூக்கலாக விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் மறுபடியும் கசப்பு. மும்பையில் தோல்வி. சேப்பாக்கத்தில், இதற்கு முன் இங்கே நம்மை வென்றே அறியாத ஐதராபாத்திடமும் தோல்வி. பட்டியலில் கடைசி இடம்.

அந்தச் சமயத்தில் மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். ஏப்ரல் 30, பஞ்சாபுக்கு எதிரான ஆட்டம். மறுநாள் மே தினம், ஆலைக்கு லீவு. "ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன், மச்சான். எனக்கும் உங்க அக்காவுக்கும். பிள்ளைகளை உன் வீட்டில் விட்டுடறேன்" என்றார்.

என் வீடு திருவல்லிக்கேணி. மைதானத்துக்கு நடந்து போகிற தூரம். அக்கா மகளுடைய மஞ்சள் பனியனைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். "இப்பப் போய் என்னத்தைப் பார்க்கப் போறே, அக்கா? கடைசி இடத்திலே இருக்காங்களே!" என்று சீண்டினேன்.

"ஜெயிக்கிறப்போ எல்லாருந்தான் போவாங்க" என்றாள். பால் கணக்கு நோட்டைப் பையனிடம் கொடுத்து, "இன்னைக்கு நீதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மைதானத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் தெரியும். டெலிவிஷனில் படம் சில விநாடி தாமதித்து வரும். கூட்டத்தின் ஆரவாரமோ ஜன்னல் வழியாக முன்னாலேயே வந்துவிடும். தோனி உள்ளே வந்ததும் வானம் இடிந்த மாதிரி ஓர் ஓசை. சஹலின் பந்தில் சிக்ஸர் என்பது எங்கள் ஜன்னலுக்கு முதலில் தெரிந்தது, பெட்டிக்குப் பிற்பாடு தெரிந்தது. பிறகு ஜன்னல் சட்டென்று அமைதியாகிவிட்டது. பையன் டெலிவிஷனைப் பார்க்காமலே, "அவுட்டு" என்றான். அதே ஓவர்தான். அந்த ஓவரில் சஹல் நாலு விக்கெட்டை எடுத்தார், அதில் ஹாட்ரிக் வேறு! 190 ரன்னில் நம் கோஷ்டி சுருண்டது. பஞ்சாப் கடைசி ஓவரில் 194 எடுத்து ஜயித்தது. சேப்பாக்கத்தில் வரிசையாக ஐந்தாவது தோல்வி. கோப்பைக்கான போட்டியிலிருந்து முதலில் வெளியேறியதும் நாம்தான்.

பையன் அழுவானோ என்று பார்த்தேன். அவன் நோட்டைப் பிரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தான்.

முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பருவத்தில் 14 ஆட்டங்களில் 4 ஜயம், 10 தோல்வி. பத்துக் கோஷ்டிகளில் பத்தாவது இடம். அப்படிக் கடைசியாக வந்தது அதுவே முதல் தடவை. ஆனால் மே 25-ஆம் தேதி, போக ஒரு கோப்பையும் இல்லாத கடைசி ஆட்டத்தில், ஆமதாபாத்தில் குஜராத்தை 83 ரன் வித்தியாசத்தில் ஜயித்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள். அந்த ஆட்டத்தையும் அக்கா நோட்டில் எழுதியிருக்கிறாள்.

ஏப்ரல் 30 ராத்திரிக்கு வருகிறேன். பன்னிரண்டு மணி சுமாருக்கு அக்காவும் மாமாவும் மாடிப்படி ஏறி வந்தார்கள். அக்காவுக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. கண் மட்டும் பளபளவென்றிருந்தது. பையன் கதவைத் திறந்து, நோட்டை நீட்டிக்கொண்டு நின்றான்.

"தோத்துட்டோம்மா" என்றான்.

"ஆமாண்டா கண்ணு, தோத்துட்டோம்" என்றாள் அக்கா. "நீ சாப்பிட்டியா?"

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் மனைவி வைத்த ரசம் அன்று கொஞ்சம் உப்புத் தூக்கல். மாமா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.